மூன்று மட்டைகளும் ஒரு பதிவேடும்

2024ஆம் ஆண்டு மே மாத இறுதியில் அமெரிக்கப் பேஸ்பால் பதிவேட்டில் ஒரு பெயர் இறங்கிற்று. அதன் இடத்தில் வேறொரு பெயர் ஏறிற்று. இறங்கியவர் டை காப். 1928இல் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றவர், 1961இல் மறைந்தவர். ஏறியவர் ஜோஷ் கிப்ஸன். அவர் மறைந்ததோ 1947 ஜனவரியில். இறந்து 77 ஆண்டுகள் கழிந்தபின் ஒருவர், இறந்து ஏறத்தாழ 63 ஆண்டுகளான மற்றொருவரை முந்தினார். இடைப்பட்ட காலத்தில் இருவரில் எவரும் மட்டையைத் தொடவில்லை. எனில் மாறியது எது? அதைத்தான் நாம் இங்கே பார்க்க விரும்புகிறோம்.

கிரிக்கெட் அறிந்த நம் வாசகர்க்கு ஒரு சிறு விளக்கம் தேவைப்படலாம். பேஸ்பாலில் மட்டையாளரின் சராசரி என்பது ஓட்டக் கணக்கு அன்று. அடிக்கக் கிடைத்த வாய்ப்புகளில் எத்தனையில் அவர் தம் அடியின் வலிமையால் ஒரு தளத்தையேனும் சென்றடைந்தார் என்னும் விகிதம் அது. பத்தில் மூன்று முறை வென்றவர் சிறந்த ஆட்டக்காரர். ஏழு முறை தோற்பவரைப் போற்றும் ஆட்டம் இது என்பதே நமக்கு முதலில் வியப்பளித்தது. காப்பின் வாழ்நாள் விகிதம் 0.367. கிப்ஸனுடையது 0.372. இவ்விரு எண்களுக்கிடையே உள்ள இடைவெளி ஆயிரத்தில் ஐந்து மட்டுமே.

காப்பிலிருந்து தொடங்குவோம். 1886இல் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்தவர். 1905 ஆகஸ்டில் டெட்ராய்ட் அணிக்காக முதன்முதலில் களமிறங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்னர் அவர் தந்தை, அவர் தாயின் துப்பாக்கியாலேயே சுடப்பட்டு இறந்தார். அந்தத் துயரத்தை அவர் ஆட்டத்தில் கண்ட ஆவேசத்துக்குக் காரணமாகச் சொல்வோர் உளர். நாம் அவ்வளவு எளிதாக ஒரு மனத்தை அளக்கத் துணியமாட்டோம். அவருடைய காலத்தில் பந்து கனத்துக் கிடந்தது. ஒரே பந்து அழுக்கேறிக் கறுக்கும் வரை ஆடப்பட்டது. எச்சில் தடவி எறிவதும் அனுமதிக்கப்பட்டிருந்தது. எனவே பந்தை வேலிக்கு அப்பால் அனுப்புவதை விட, காவலர் இல்லாத இடமாகப் பார்த்துத் தட்டிவிட்டு ஓடுவதே அறிவுடைமை. காப் மட்டையின் மேல் இரு கைகளையும் இடைவெளி விட்டுப் பிடிப்பார். கடைசி நொடியில் கையை நகர்த்தித் தட்டவோ வீசவோ முடியும். 1909இல் அவர் 9 ஹோம் ரன்கள் அடித்து லீக்கில் முதலிடம் பெற்றார். அவற்றுள் ஒன்றுகூட வேலியைத் தாண்டவில்லை என்பது இன்றைய ரசிகனுக்கு வேடிக்கையாக இருக்கும். ஒன்பதும் களத்துக்குள்ளேயே பந்து உருள, நான்கு தளங்களையும் ஓடிக் கடந்து பெற்றவை.

எண்களை நம்புகிறவர்கள் 1910ஆம் ஆண்டின் கதையை ஒருமுறை கேட்க வேண்டும். அவ்வாண்டு சிறந்த சராசரிக்கு ஒரு சால்மர்ஸ் மோட்டார் கார் பரிசாக அறிவிக்கப்பட்டது. காப்பும் கிளீவ்லாந்தின் நாப் லாஜோயும் நெருங்கி நின்றனர். காப் தம் இடம் உறுதி என்றெண்ணி இறுதி ஆட்டங்களில் ஆடாமல் ஒதுங்கிக்கொண்டார். கடைசி நாளில் செயின்ட் லூயிஸ் அணி, காப்பின் மேல் கொண்ட வெறுப்பாலோ லாஜோயின் மேல் கொண்ட அன்பாலோ, தன் மூன்றாம் தளக் காவலரை வெகுதூரம் பின்னுக்குத் தள்ளி நிறுத்தியது. லாஜோய் பந்தை மெல்லத் தட்டித் தட்டி ஓடினார். அன்று இரு ஆட்டங்களில் அவருக்கு எட்டு அடிகள் கிட்டின. இருந்தும் லீக் தலைவர் காப்பே முதல்வர் என அறிவித்தார். கார் நிறுவனம் இருவருக்கும் ஆளுக்கொரு கார் தந்து வழக்கை முடித்தது. முடிந்ததா என்றால் இல்லை. காப்பின் ஓர் ஆட்டம் அவ்வாண்டுக் கணக்கில் இருமுறை எழுதப்பட்டிருந்ததைப் பீட் பால்மர் என்னும் ஆய்வாளர் கண்டறிந்தார். 1981இல் அது அச்சில் வெளிவந்தது. அன்றைய ஆணையர் கணக்கைத் திருத்த மறுத்துவிட்டார். ஆகவே இன்றும் காப்பின் மொத்த அடிகள் ஒரு நூலில் 4,191, மற்றொன்றில் 4,189. சராசரி ஓரிடத்தில் 0.367, வேறோரிடத்தில் 0.366. ஏட்டுச் சுவடிகளில் பாடபேதம் பார்த்துப் பழகிய நமக்கு இதில் அதிர்ச்சி இல்லை. ஆனால் “பதிவேடு புனிதமானது, அதில் கை வைக்கலாகாது” என்று 2024இல் எழுந்த குரல்களைக் கேட்கையில், அப்புனிதத்துக்குள் இரட்டைப் பதிவு ஒன்று எழுபது ஆண்டுகள் உறங்கியதை நினைவிற்கொள்வது நல்லது.

அடுத்தவர் பேப் ரூத். பால்டிமோரின் தொழிற்பள்ளி ஒன்றில் வளர்ந்து, பாஸ்டன் அணிக்குப் பந்தெறிவாளராக வந்தவர். அதிலும் முதல்தரமானவர். அவரது மட்டையின் அருமை மெல்லத்தான் விளங்கிற்று. 1919 முடிவில் பாஸ்டன் அவரை நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு 1,00,000 டாலருக்கு விற்றது. 1920இல் அவர் 54 ஹோம் ரன்கள் அடித்தார். அவர் ஆடிய அமெரிக்க லீகில் வேறெந்த அணியும், அணி முழுதும் சேர்ந்துகூட, அத்தனை அடிக்கவில்லை. இந்த ஒரு வாக்கியத்துக்கு நிகரானதை வேறொரு விளையாட்டில் தேடினால் பிராட்மனிடம்தான் போய் நிற்க வேண்டும். அவ்விருவரும் 1932இல் நியூயார்க்கில் சந்தித்து, அருகருகே அமர்ந்து ஓர் ஆட்டத்தைப் பார்த்தார்கள் என்பது வரலாறு நமக்கு அளித்த இனிய தற்செயல்.

ரூத்தின் எழுச்சிக்கு அவர் தோள்வலி மட்டுமே காரணமன்று. 1920இல் எச்சில் பந்து தடை செய்யப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் ரே சாப்மன் என்னும் ஆட்டக்காரர் தலையில் பந்து பட்டு இறந்தார். அதன்பின் அழுக்கேறிய பந்துகளை உடனுக்குடன் மாற்றும் வழக்கம் வலுப்பெற்றது. வெண்மையான, நன்கு தெரியும் பந்து மட்டையாளனின் நண்பன். காப்புக்கு இந்தப் புதிய ஆட்டம் பிடிக்கவில்லை. 1925 மே மாதம், ‘நானும் விரும்பினால் வேலியைத் தாண்டி அடிப்பேன்’ என்று செய்தியாளரிடம் சொல்லிவிட்டு இறங்கினார் என்பர். சொன்னாரோ இல்லையோ, அன்று மூன்றும் மறுநாள் இரண்டுமாக ஐந்து ஹோம் ரன்கள் அடித்தது உண்மை. பிறகு தம் பழைய ஆட்டத்துக்கே திரும்பிவிட்டார். வாழ்நாள் முழுதும் அவர் அடித்தவை 117. ரூத் அடித்தவை 714.

வெவ்வேறு காலத்தவரை எண்ணால் மட்டும் ஒப்பிடுவதில் உள்ள இடர்ப்பாடு இதுதான். 1930இல் நேஷனல் லீக் முழுவதன் சராசரியே 0.303. 1968இல் அமெரிக்க லீகின் முதல் மட்டையாளர் பெற்றது 0.301. முன்னதில் நடுத்தர ஆட்டக்காரன் பெற்றதைப் பின்னதில் தலைசிறந்தவனும் எட்டவில்லை. ஆகவே ஒருவர் தம் காலத்துச் சராசரியிலிருந்து எவ்வளவு உயர்ந்து நின்றார் என்று பார்ப்பதே முறை. பரிணாம அறிவியலாளர் ஸ்டீவன் ஜே கூல்ட் இதை மேலும் ஒரு படி கொண்டுசென்றார். ஆட்டத்தின் பொதுத்தரம் உயர உயர, சிறந்தவர்க்கும் சாதாரணர்க்கும் உள்ள தொலைவு குறுகும்; 0.400 என்னும் சிகரம் மறைந்தமை வீழ்ச்சியின் அறிகுறியன்று, பொது வளர்ச்சியின் விளைவு என்றார். நாம் இதை ஏற்கிறோம். ஏற்றால் ஒரு சங்கடமான கேள்வியும் உடன் வரும். காப்பும் ரூத்தும் நின்ற களத்தின் பொதுத்தரம் என்ன? நாட்டின் ஒரு பகுதி மக்களை வாயிலிலேயே தடுத்து நிறுத்திய களம் அல்லவா அது?

எழுதப்பட்ட விதி எதுவுமில்லை. 1884இல் டொலீடோ அணிக்கு ஆடிய மோசஸ் ஃபிளீட்வுட் வாக்கர் போன்றோருக்குப் பின், அணி உரிமையாளர்களின் மௌன உடன்பாடே கறுப்பின ஆட்டக்காரர்களை 1947 வரை வெளியே வைத்திருந்தது. எல்லைக்கு அப்பால் சில வேளை உண்மை தலைகாட்டும். 1910 நவம்பரில் டெட்ராய்ட் அணி கியூபா சென்றது. காப் அங்கு ஐந்து ஆட்டங்கள் ஆடினார், நன்றாகவே ஆடினார். எதிரணிகளில் இருந்த அமெரிக்கக் கறுப்பின ஆட்டக்காரர்களான ஜான் ஹென்றி லாயிட், கிரான்ட் ஜான்சன், புரூஸ் பெட்வே ஆகிய மூவரும் அவரை விட உயர்ந்த சராசரி பெற்றனர். ஐந்து ஆட்டங்கள் எதையும் நிறுவா. எனினும் காப்பைக் கறுப்பினத்தாரோடு ஒரே களத்தில் நிறுத்தி அளந்த அரிய சான்று அது. (காப்பைக் கொடிய இனவெறியராகவே வரையும் பழைய வாழ்க்கை வரலாறு மிகையானது என்று பின்னைய ஆய்வு காட்டியிருக்கிறது. 1952இல் அவர் கறுப்பின ஆட்டக்காரர்களைச் சேர்ப்பதை வெளிப்படையாக ஆதரித்துப் பேசினார். இதையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.)

இனிக் கிப்ஸன். 1911இல் அதே ஜார்ஜியாவில் பிறந்து, தந்தை எஃகு ஆலை வேலை தேடிச் சென்ற பிட்ஸ்பர்க்கில் வளர்ந்தவர். 1930இல் பதினெட்டு வயதில் ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணிக்கு ஆடத் தொடங்கினார். அதே ஆண்டு அவர் மனைவி இரட்டைக் குழந்தைகளைப் பெற்றெடுத்து உயிர் நீத்தார். கிப்ஸன் கேட்சர், மட்டையாளருக்குப் பின்னே ஆட்டம் முழுதும் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவர். முழங்காலைத் தின்னும் அவ்வேலையைச் செய்துகொண்டே உயர்ந்த சராசரியைக் காப்பவர் எக்காலத்திலும் மிகச் சிலரே. காப்பும் ரூத்தும் வெளிக்களத்தில் நின்றவர்கள். ஒப்பீட்டில் இதற்கு உரிய எடை தரப்படுவதில்லை என்பது நம் குறை.

அவரைக் ‘கறுப்பு பேப் ரூத்’ என்றார்கள். ரூத்தை ‘வெள்ளை ஜோஷ் கிப்ஸன்’ என்று திருப்பிச் சொன்ன ரசிகர்களும் இருந்தார்களாம். நாம் பின்னவர் பக்கம் சிறிது சாய்வோம். அவர் நினைவுப் பலகையில் ஏறத்தாழ 800 ஹோம் ரன்கள் என்று பொறிக்கப்பட்டிருக்கிறது. 2024இன் அதிகாரப்பூர்வக் கணக்கிலோ அது 200ஐக்கூட எட்டவில்லை. இரண்டில் எது பொய்? இரண்டும் பொய்யல்ல. நீக்ரோ லீகுகளின் முறையான ஆட்டங்கள் ஒரு பருவத்துக்கு 60 முதல் 80 வரைதான். வயிற்றுப்பாட்டுக்கு அவ்வணிகள் பேருந்தேறி ஊர் ஊராய்ச் சென்று, கிடைத்த அணிகளோடெல்லாம் ஆடின; விடுதிகள் இடம் தராதபோது பேருந்திலேயே உறங்கின. அவ்வாட்டங்கள் கணக்கில் வாரா. 1937இல் டொமினிக்கன் குடியரசிலும் 1940, 1941இல் மெக்ஸிகோவிலும் அவர் ஆடியவையும் வாரா. முறையான ஆட்டங்களின் குறிப்புகள்கூட முழுமையாக எஞ்சவில்லை. ‘பிட்ஸ்பர்க் கூரியர்’, ‘சிகாகோ டிஃபெண்டர்’ போன்ற கறுப்பின இதழ்களின் பழைய தாள்களைப் புரட்டி, ஆட்ட விவரப் பட்டியல்களை ஒவ்வொன்றாகச் சேர்த்த தனி ஆய்வாளர்களின் பல்லாண்டு உழைப்பின் மேல்தான் 2024இன் கணக்கு எழுந்தது. அதுவும் முக்கால் பங்களவே முழுமையானது என்று அதைத் தொகுத்தவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

எதிர்வாதம் வலுவற்றதன்று. காப் 11,000க்கும் மேற்பட்ட வாய்ப்புகளில் தம் விகிதத்தைக் காத்தார். கிப்ஸனுக்குக் கணக்கிடப்பட்டவை ஏறத்தாழ 2,200. குறுகிய ஓட்டத்தில் உயர்ந்த விகிதம் வருவது எளிது. 1943இல் அவர் பெற்ற 0.466 இன்று ஒரு பருவத்தின் மிக உயர்ந்த சராசரியாக நிற்கிறது. 162 ஆட்டங்களில் அதைக் காத்திருப்பாரா என்பது ஐயமே. ஆனால் கொள்ளைநோய்க் காலமான 2020இல் 60 ஆட்டங்களே நடந்தன. அப்பருவத்தை எவரும் பதிவேட்டிலிருந்து நீக்கவில்லை.

நம் தீர்ப்பைக் கேட்டால் இப்படிச் சொல்வோம். காப், ரூத் இருவருள் ரூத்தே பெரியவர். தம் காலத்தினின்று அவர் விலகி நின்ற தொலைவு அத்தகையது. கிப்ஸனை அவர்களுக்கு மேலே வைக்க 0.372 போதாது, கீழே வைக்க 0.367உம் போதாது. ரூத்தின் 0.690க்கு எதிரே கிப்ஸனின் அடிவலிமை விகிதம் 0.718 நிற்கிறது, அதைப் பார்த்த பிறகு அவரை இவ்விருவரோடு ஒரே வரிசையில் நிறுத்தத் தயங்குவது இயலாது. அவருக்குப் பந்தெறிந்த சாட்செல் பெய்ஜ், ரூத்துக்கும் காப்புக்கும் ஒருமுறைகூட லீக் ஆட்டத்தில் எறிய விடப்படவில்லை. குறைபட்டது கிப்ஸனின் கணக்கு மட்டுமன்று.

1943இல் கிப்ஸனுக்கு மூளையில் கட்டி இருப்பது தெரிய வந்தது. 0.466 அடித்ததும் அதே ஆண்டில்தான். 1947 ஜனவரி 20ஆம் நாள், 35ஆவது வயதில் இறந்தார். 85 நாள்கள் கழித்து, ஏப்ரல் 15 அன்று, ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணிக்காகக் களமிறங்கினார்.

1966இல் டெட் வில்லியம்ஸ் புகழ்க்கூடத்தில் சேர்க்கப்பட்டார். 1941இல் 0.406 அடித்தவர்; அமெரிக்க, நேஷனல் லீகுகளில் அதன்பின் 0.400ஐ எவரும் எட்டியதில்லை. தாய்வழியில் மெக்ஸிகோ மரபினர்; அதை அவர் அதிகம் பேசியதில்லை. தம் ஏற்புரையில், எவரும் எதிர்பாராத வகையில், பெய்ஜும் கிப்ஸனும் வாய்ப்பு மறுக்கப்பட்டதால் மட்டுமே அங்கு இல்லை என்றும், ஒருநாள் அவர்களும் சேர்க்கப்பட வேண்டும் என்றும் கூறினார். பெய்ஜ் 1971இலும் கிப்ஸன் 1972இலும் சேர்க்கப்பட்டனர். பிட்ஸ்பர்க்கில் பெயரின்றிக் கிடந்த கிப்ஸனின் புதைகுழிக்கு 1975இல்தான் ஒரு கல் நட்டார்கள்.