எண்ணிக்கையும் எலுமிச்சையும்: ஒரு கடற்படை ஆயத்தமான வரலாறு

ஒரு நாட்டின் கடற்படை வலிமையை அளக்க முற்படுவோர் முதலில் கப்பல்களை எண்ணுவர். அடுத்துப் பீரங்கிகளை எண்ணுவர். ஆயின், துறைமுகத்தில் நிற்கும் கப்பல்கள் எத்தனை என்பது ஒரு கேள்வி. நாளைக் காலை பாய் விரித்துப் புறப்படக் கூடியவை எத்தனை என்பது வேறொரு கேள்வி. இரண்டாம் கேள்விக்குரிய விடையையே படையின் ஆயத்தநிலை என்கிறோம். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் கடற்படை அந்த ஆயத்தநிலையை எவ்வாறு எய்தியது என்பதை இங்கு நாம் காண்போம். அவ்வரலாறு நம் கடல்களையும் தொட்டுச் செல்வதாகும்.

அக்காலக் கடலோடிகளின் பெரும்பகை எதிரியின் குண்டு அன்று. ஸ்கர்வி என்னும் நோயே. நீண்ட பயணத்தில் ஈறுகள் வீங்கிக் குருதி கசியும். பழைய புண்கள் மீண்டும் திறக்கும். கயிறு இழுக்கவும் வலுவின்றி மாலுமிகள் மாள்வர். 1740இல் ஜார்ஜ் ஆன்சன் தலைமையில் புறப்பட்ட படையினர் ஏறத்தாழ இரண்டாயிரவர். அவர்களுள் பெரும்பாலோர் நோயால் மாண்டனர். போரில் இறந்தோர் மிகச் சிலரே.

இந்நோய்க்கு மருந்து இல்லாமல் இல்லை. 1601இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முதற் பயணத்தை ஜேம்ஸ் லங்காஸ்டர் நடத்தினார். அவரது நான்கு கப்பல்கள் சுமத்திராவின் ஆச்சே நோக்கிச் சென்றன. தம் கப்பலில் இருந்தோருக்கு மட்டும் அவர் காலைதோறும் எலுமிச்சைச் சாறு அளித்தார். ஆப்பிரிக்கத் தென்முனையை அடைந்தபோது, ஏனைய மூன்று கப்பல்களின் மாலுமிகள் தாமே நங்கூரம் பாய்ச்சவும் இயலாத நிலையில் இருந்தனர். லங்காஸ்டரின் ஆள்களே சென்று உதவ நேர்ந்தது. இத்தகைய தெளிவான சான்று கிடைத்தும், அது ஒரு தலைவரின் தனி வழக்கமாக நின்றதேயன்றிக் கடற்படையின் நடைமுறையாக மாறவில்லை.

1747இல் சாலிஸ்பரி என்னும் போர்க்கப்பலில் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் ஒரு சோதனை செய்தார். ஒத்த நிலையிலிருந்த பன்னிரு நோயாளிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஆறு வெவ்வேறு மருந்துகளை அளித்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைந்து தேறினர்; அவர்களுள் ஒருவர் ஆறே நாளில் பணிக்குத் திரும்பினார். லிண்டின் நூல் 1753இல் வெளிவந்தது. ஆயினும், பயணத்துக்கு ஏற்றவாறு சாற்றைச் சூடேற்றிக் குறுக்கிக் கெட்டியாக்கும் முறையையே அவர் பரிந்துரைத்தார். அம்முறையில் மருந்தின் ஆற்றல் பெரிதும் அழிந்தது. பன்னிருவரிடம் கண்ட உண்மை பல்லாயிரவரைச் சென்றடையவில்லை.

அவ்விடைவெளியை நிரப்பியவர் கில்பர்ட் பிளேன். மேற்கிந்தியத் தீவுகளில் படைத்தலைவர் ரோட்னியின் மருத்துவராகப் பணியேற்ற அவர், ஒவ்வொரு கப்பலின் மருத்துவரும் நோயுற்றோர், இறந்தோர் எண்ணிக்கையை மாதந்தோறும் எழுதி அனுப்புமாறு செய்தார். 1781இல் முடிந்த ஓராண்டுக் கணக்கு வருமாறு: ஏறத்தாழ 12,000 பேர் கொண்ட படையில் நோயால் மாண்டோர் 1,500க்கும் மேற்பட்டோர், எதிரியால் மாண்டோர் அறுபதின்மர் அளவே. தனித்தனிக் கப்பல்களில் துயரமாக மட்டும் இருந்த செய்தி, ஒரே தாளில் சேர்ந்தபோது ஆட்சியாளர் மறுக்கவொண்ணாத சான்றாயிற்று. எலுமிச்சை, தூய்மை, தூய காற்று ஆகியவற்றை வேண்டி அவர் மேலிடத்துக்கு விண்ணப்பித்தார்.

1794இல் அதற்கொரு பெருஞ்சோதனை வாய்த்தது. சஃபோக் என்னும் போர்க்கப்பல் இங்கிலாந்திலிருந்து சென்னைக்குப் புறப்பட்டது. ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் அவுன்சில் மூன்றில் இரண்டு பங்கு எலுமிச்சைச் சாறு, சர்க்கரையுடன் சேர்த்து, வழக்கமான மதுபானத்திலேயே கலந்து அளிக்கப்பட்டது. மாலுமி எப்படியும் அருந்தும் பானத்தில் மருந்தைச் சேர்த்தமையால், வற்புறுத்தவோ நினைவூட்டவோ தேவை எழவில்லை. வழியில் எங்கும் புதிய உணவு ஏற்றாமல் 23 வாரம் கடலில் கழித்த அக்கப்பல், ஸ்கர்விக்கு ஒருவரையும் பலிகொடாமல் சென்னையை அடைந்தது. சிலரிடம் தோன்றிய நோய்க்குறிகளும் சாற்றின் அளவைக் கூட்டியதும் மறைந்தன.

1795இல் பிளேன் கடற்படை மருத்துவ வாரியத்தில் இடம்பெற்றார். எலுமிச்சைச் சாறு அதிகாரபூர்வ நடைமுறையாயிற்று. லிண்டின் சோதனைக்கும் இதற்கும் இடையே 48 ஆண்டுகள். 1814 வரை வழங்கப்பட்ட சாறு ஏறத்தாழ 16 இலட்சம் காலன். ஹாஸ்லர் கடற்படை மருத்துவமனையில் 1780இல் சேர்க்கப்பட்ட ஸ்கர்வி நோயாளிகள் 1,457 பேர். 1806இல் இருவர் மட்டுமே. பிரெஞ்சுத் துறைமுகங்களுக்கு வெளியே மாதக்கணக்கில் முற்றுகையிட்டு நிற்கப் படைக்கு வலு கிட்டியது. புதிய கப்பல் ஒன்றும் கட்டாமலேயே படை பெருகியது எனலாம்.

இதில் நமக்கு மகிழ்ச்சி மட்டும் இல்லை. அதே சஃபோக், மறு ஆண்டே திருகோணமலையைக் கைப்பற்றிய படையில் நின்றது; அவ்வாண்டே மலாக்காவும் ஆங்கிலேயர் வசமாயிற்று. நலம்பெற்ற அம்மாலுமிகளின் வலிமை நம் கரைகளின் மீது நாட்டப்பட்ட ஆதிக்கத்துக்கும் துணைபோயிற்று. உயிர்காத்த அறிவைப் போற்றும்போதே அதன் பயனை யார் துய்த்தார் என்பதையும் நாம் மறத்தலாகாது.

இவ்வரலாற்றுக்கு ஒரு பின்னுரையும் உண்டு. லெமன், லைம் என்னும் இரு பெயர்களையும் ஆங்கிலேயர் அந்நாளில் வேறுபாடின்றி வழங்கினர். தமிழிலும் இரண்டும் எலுமிச்சையே. 1860களில் மத்தியதரைக் கடற்பகுதியின் லெமனுக்கு மாற்றாக மேற்கிந்தியத் தீவுகளின் லைம் வந்தது. நீராவிக் கப்பல்களால் பயணங்கள் குறுகியிருந்தமையால், புதிய சாற்றின் வலுக்குறைவு வெளிப்படவில்லை. 1875இல் வடதுருவம் நோக்கிச் சென்ற ஜார்ஜ் நேர்ஸின் குழுவை ஸ்கர்வி மீண்டும் தாக்கியது. சாறே எடுத்துச் செல்லாத பனிவண்டிக் குழுக்களும் அவற்றுள் இருந்தன. எனினும், பழச்சாற்றின் மீதே பலர் ஐயம் கொண்டனர். லைமின் ஆற்றல் லெமனின் ஆற்றலில் கால் பங்கு அளவே என்பதை 1918இல் ஹாரியட் சிக் முதலிய பெண் ஆய்வாளர்கள் சோதித்து உணர்த்தினர்.

பெயர் மாறவில்லை; சடங்கும் மாறவில்லை; உள்ளே இருந்த பொருள் மட்டும் மாறியது. அதை அளந்து பார்ப்பார் இல்லாமையால் இரு தலைமுறை கண்டறிந்த உண்மை மங்கிற்று. மருந்து லங்காஸ்டர் காலத்திலேயே கையில் இருந்தது. அதைப் பல்லாயிரவர்க்கு உரியதாக்கியவை பிளேன் கேட்டுப் பெற்ற மாதாந்திரக் கணக்குகளே. கணக்கெழுதும் வழக்கம் தளர்ந்த இடத்தில் நோய் திரும்பி வந்தது என்பதே இவ்வரலாறு நமக்கு உணர்த்தும் செய்தியாகும்.