டாடா குடும்பத்தாரின் கொடை: பூங்காவும் புற்றுநோய் ஆய்வும்

டாடா குடும்பத்தாரின் கொடைகள் அனைத்தையும் ஒரே அருளுணர்வின் வெளிப்பாடாக எழுதும் போக்கு வரலாற்றெழுதியலில் உண்டு. பூங்கா, மருத்துவ ஆய்வு என்னும் இரண்டினை மட்டும் ஒப்பிடினும் அவை ஒரு வேரினின்று கிளைத்தவை அல்ல என்பது புலனாகும்.

1902இல் ஜாம்ஷெட்ஜி டாடா தம் மகன் தோராப்ஜிக்கு எழுதிய மடலில், அமையவிருக்கும் எஃகு நகரில் நிழல்மரங்கள் செறிந்த அகன்ற தெருக்களும் புல்வெளிகளும் தோட்டங்களும் வேண்டும் என அறிவுறுத்தினார். அந்நகருக்கு அப்போது இடமே தேர்ந்தெடுக்கப்படவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. 1904இல் அவர் மறைந்தார்; 1907இல் நிறுவனம் தோன்றியது. அதன் பொன்விழாவையொட்டி, மைசூர்ப் பிருந்தாவனத் தோட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு எழுந்த ஜாம்ஷெட்பூர் ஜூபிலி பூங்காவை நேரு 1958 மார்ச் 1இல் திறந்துவைத்தார். இதற்கிடையே 1920, 1922, 1928 ஆகிய ஆண்டுகளில் அந்நகரத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தங்களில் ஈடுபட்டிருந்தனர். எனவே பூங்காவை ஈகை என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. அது தொழில்நகர் நிருவாகத்தின் ஒரு கூறுமாகும்.

மருத்துவ ஆய்வுக்கான கொடையோ இழப்பினின்று பிறந்தது. தோராப்ஜியின் துணைவியார் மெஹர்பாய் 1931இல் இரத்தப் புற்றுநோயால் காலமானார். அந்நோய் பற்றிய ஆய்வுக்கென மறு ஆண்டே அவர் பெயரில் அறக்கட்டளை நிறுவிய தோராப்ஜி, அதே 1932 ஜூனில் மறைந்தார். அதன் வருவாயில் பெரும்பகுதி பன்னாட்டு ஆய்வாளர்க்கு உரியதாயிற்று. ஆட்சியுரிமை இழந்திருந்த நாட்டின் செல்வர் ஒருவர் அயல்நாட்டு ஆய்வகங்களுக்கும் பொருள் வழங்கிய இச்செய்தி, நம் கொடை வரலாறுகளில் உரிய இடம் பெறவில்லை என்றே கூறவேண்டும். மருத்துவமனையைப் பற்றியே பலரும் எழுதுவர். பம்பாயில் 1941இல் திறக்கப்பெற்ற அந்த டாடா நினைவு மருத்துவமனை, 1962இல் நடுவண் அரசின் அணுசக்தித் துறையின் பொறுப்பிற்குச் சென்றது.