நீரைப் பகுத்த மின்சாரம்

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடி மலைக்குச் செல்வோர் நெடுமங்காட்டைக் கடந்து, கல்லாற்றின் தெளிந்த நீரைக் கண்டபின் மலையேறுவர். அந்த நீரில் ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் என்னும் இரு வாயுக்கள் கூடியுள்ளன என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அவற்றைப் பிரித்த வரலாறும், அதற்கு நாம் கொடுக்கும் விலையும் அறியத்தக்கவை.

1800-ஆம் ஆண்டில், இத்தாலிய விஞ்ஞானி வோல்ட்டா மின்கல அடுக்கு ஒன்றை அமைத்த செய்தி லண்டனை எட்டியது. அவ்வாண்டு மே மாதத்தில் நிக்கல்சன், கார்லைல் என்னும் இருவர் அத்தகைய அடுக்கின் கம்பிகளை நீரில் அமிழ்த்தினர். ஒரு முனையில் ஹைட்ரஜன் குமிழியிட்டது. பிளாட்டினக் கம்பிகளை இட்டபோது மறுமுனையில் ஆக்ஸிஜனும் எழுந்தது. முன்னது இரு பங்கு, பின்னது ஒரு பங்கு.

நம் நாட்டில் இம்முறை பேரளவில் கையாளப்பட்ட இடம் பஞ்சாபிலுள்ள நங்கல். பக்ரா அணையின் மின்சாரத்தை நம்பி 1961-இல் அங்கு உரத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. நீரிலிருந்து பிரித்த ஹைட்ரஜன், காற்றின் நைட்ரஜனோடு கூடி அம்மோனியாவாகி, வயலுக்கு உரமாயிற்று. 1962-இல் அதையொட்டிக் கனநீர் ஆலையும் எழுந்தது.

ஆயின், நீரே எரிபொருள் என்று எண்ணுவது பிழை. ஒரு கிலோ ஹைட்ரஜனைப் பிரிக்க இன்றைய யந்திரங்களுக்கும் ஏறத்தாழ 50 யூனிட் மின்சாரம் வேண்டும். அதை எரித்தால் கிடைக்கும் வெப்பமோ 40 யூனிட்டுக்கும் குறைவு. நீர் தன்னிடமிருந்து எதையும் கூட்டித் தருவதில்லை. நாம் கொடுத்ததில் ஒரு பகுதியையே திருப்பித் தருகிறது.

எனினும் அப்பகுதியின் ஆற்றல் பெரிது. நெடுமங்காட்டிற்கு அருகிலுள்ள வலியமலை விண்வெளி மையத்தில், இவ்விரு வாயுக்களையும் திரவமாக்கி எரிக்கும் கிரையோஜெனிக் எஞ்சின் உருவாயிற்று. அது சோதிக்கப்பட்டது நம் திருநெல்வேலிச் சீமையின் மகேந்திரகிரியில். 2010-இல் முதல் முயற்சி தோற்றது. 2014 ஜனவரி 5-இல் அவ்வகை எஞ்சின் வெற்றி கண்டது. 2024 ஜனவரியில், திருவனந்தபுரத்து விக்ரம் சாராபாய் மையத்தார் இதே வாயுக்களை எரிக்காமலே விண்வெளியில் ஒன்றுசேர்த்து மின்சாரம் பெற்றனர். அதன் கழிவு நீர் மட்டுமே.

மின்சாரம் நீரைப் பிரித்தது. பிரிந்தவை கூடி மின்சாரத்தையும் நீரையும் தந்தன. ஆகவே, ஹைட்ரஜன் தூய எரிபொருள் என்று கேட்கும்போதெல்லாம், அதைப் பிரித்த மின்சாரம் நிலக்கரியில் பிறந்ததா, அருவியிலும் கதிரவனிடத்தும் பிறந்ததா என்று நாம் வினவுதல் வேண்டும். அதன் தூய்மை அவ்விடையிலேயே இருக்கிறது.