ஒற்று நீக்கி எண்ணுதல்: தமிழ்ப் பனுவலில் உயிர்க் கணக்கின் வரலாறு

தமிழ் வரி ஒன்றில் எத்தனை உயிர்கள் உள்ளன என்று அறிய உயிரெழுத்துகளைத் தேடிப் போக வேண்டியதில்லை. 247 எழுத்துகளில் 18 மெய்யும் ஆய்தமும் போக, எஞ்சிய 228இலும் உயிர் உண்டு: 12இல் தனித்து, 216இல் மெய்யோடு கூடி. ஆகவே மொத்த எழுத்திலிருந்து மெய்யையும் ஆய்தத்தையும் கழித்தால் கிடைப்பதே உயிர்களின் தொகை. ‘கட்டளைக் கலித்துறை’ என்பதில் எழுத்து பத்து. ட், க், த் ஆகிய மூன்றும் நீங்கினால் உயிர் ஏழு.

இக்கழித்தலைத் தொல்காப்பியச் செய்யுளியலே விதியாக்கியது. அடிகளை எழுத்தெண்ணி வகுக்கும் அந்நூல் குறளடிக்கு 4 முதல் 6, சிந்தடிக்கு 7 முதல் 9, அளவடிக்கு 10 முதல் 14, நெடிலடிக்கு 15 முதல் 17, கழிநெடிலடிக்கு 18 முதல் 20 என வரம்பிடுகிறது. உயிரில்லாத எழுத்துக்குத் தானாக இயங்கும் ஆற்றல் இல்லை. அதனால் அது இக்கணக்கில் சேராது என்று காரணமும் சொல்கிறது. யாப்பு விதியாகவே படிக்கப்பட்டுவரும் இது, உண்மையில் பனுவலின் உயிர்களை எண்ணும் முறையே.

பிற்கால யாப்பில் எழுத்தெண்ணிக்கை பெரும்பாலும் பின்தங்கி, சீரும் தளையும் முன்னுக்கு வந்தன. கட்டளைக் கலித்துறையோ அந்த எண்ணிக்கையைக் கண்டிப்பாகக் காத்தது. அடி நேரசையில் தொடங்கினால் ஒற்று நீக்கி 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17. நான்கடிக்கு 64 அல்லது 68. திருக்கோவையாரும் அபிராமி அந்தாதியும் இக்கணக்கில் அமைந்தவை. யாப்பருங்கலக்காரிகை இலக்கணத்தையே இந்த யாப்பில் சொல்கிறது.

ஓலைச்சுவடிகளில் இக்கணக்கு எளிதாக இருக்கவில்லை. அவற்றில் பெரும்பாலும் புள்ளி இடப்படுவதில்லை. ‘கடடளைக கலிததுறை’ என்று எழுதியிருப்பதைக் கண்ணால் மட்டும் எண்ணினால் உயிர் பத்தாகிவிடும். சொல்லைப் படித்துணர்ந்த பிறகே ஏழு என்று தெரியும். புள்ளி இட்ட இடத்திலும் ஒரு சிக்கல் உண்டு. எகர ஒகரக் குறில்களும் முன்பு புள்ளி பெற்றன. அப்புள்ளி உயிரை நீக்குவதன்று, குறிலைக் காட்டுவது. அச்சில் மெய்க்குப் புள்ளி நிலைபெற்ற பின்னரே, பொருளறியாதவரும் உயிரை எண்ண முடிந்தது.

கணினி இச்சிக்கலை வேறு வடிவில் மீண்டும் கொண்டுவந்தது. 1991இல் வெளியான ஒருங்குறியில் ‘க’ ஒரு குறியீடு, ‘க்’ இரண்டு: ககரமும் புள்ளியும். அகரத்துக்குத் தனிக் குறி இல்லை. எனவே ‘கட்டளைக் கலித்துறை’யில் தனி உயிரெழுத்தைத் தேடும் நிரலுக்குக் கிடைப்பது சுழியம், உயிர்க்குறிகளை எண்ணினால் ளை, லி, து, றை என நான்கே, அகரம் மூன்றும் விடுபடும். மெய்க்குறியீடுகள் பத்திலிருந்து புள்ளிகள் மூன்றைக் கழித்து, தனி உயிர்கள் இருந்தால் கூட்டுவதே சரியான வழி. செய்யுளியலின் கழித்தல்தான் இங்கும் பயன்படுகிறது. க்ஷ, ஸ்ரீ போன்ற கிரந்தக் கூட்டுகளுக்கும் அது பிழையின்றிப் பொருந்தும். 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியோடு ஏற்ற ‘டேஸ் 16’ குறியீட்டில் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி எண் இருப்பதால் கழித்தலே தேவைப்படாது.

தட்டச்சுப் பழக்கத்தால் வரும் பிழை வேறு. ‘கௌ’ என்பதைக் கொம்பும் ளகரமும் சேர்த்துக் ‘கெள’ என்று அடிப்பவர் பலர். பார்வைக்கு வேறுபாடு தெரியாது. கணக்கிலோ ஓர் உயிர் இரண்டாகிவிடும். ஔகாரத்தை ஒகரமும் ளகரமுமாக அடித்தாலும் அப்படியே. பழைய நூல்களை மின்னுருவாக்கும்போது இவற்றைத் திருத்திய பிறகே உயிர்களை எண்ண வேண்டும்.