பொதுமக்கள் கருத்து என்னும் போர்வை

பழமைக் கருத்து ஏடுகளில் தன் சொந்தப் பெயரோடு உலவுவதில்லை. “வைதீகத்தைக் காக்க வந்தேன்” என்று அது வெளிப்படையாக முழங்கினால் எதிர்த்து நிற்பது எளிது. அதுவோ “நாட்டு மக்களின் எண்ணம்” என்கிறது. “சமூக ஒற்றுமை” என்கிறது. “காலம் இன்னும் கனியவில்லை” என்கிறது. இந்தப் போர்வை நெய்யப்பட்ட கதையில் காவிரிக் கரைக்குப் பெரும் பங்கு உண்டு.

1878-ஆம் ஆண்டில், தஞ்சை மாவட்டத்தவரான முத்துசாமி ஐயர் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக அமர்த்தப்பட்டார். வெள்ளையர் நடத்திய ஏடுகள் வெகுண்டெழுந்தன. அவற்றுக்கு விடையிறுக்கத் திருவையாற்றில் பிறந்த ஜி. சுப்பிரமணிய ஐயர் என்ற பள்ளி ஆசிரியர், நண்பர் வீரராகவாச்சாரியாரோடும் சட்ட மாணவர் நால்வரோடும் சேர்ந்து ‘இந்து’ ஏட்டைத் தொடங்கினார். ஒன்றே முக்கால் ரூபாய் கடன், எண்பது படிகள். (ஒன்றே முக்கால் ரூபாய்க்கும் ஆசிரியர் கடன் வாங்குவாரா என்று வியப்பவர் எம் தொழிலை அறியாதவர்!)

வெள்ளையரை எதிர்த்து எழுதியவரை அவரைக் கொண்டாடினார்கள். 1889-இல் பம்பாயில் காங்கிரசு மாநாடு கூடியபோது, கைம்பெண்ணான தம் மகளுக்கு அவர் மறுமணம் செய்வித்தார். உற்றார் ஒதுக்கினர். சீர்திருத்தத்தை ஏட்டிலும் விடாது எழுதினார். வாசகர் முகம் சுளித்தனர், விற்பனை சரிந்தது. அன்று ஆங்கில ஏட்டுக்குச் சந்தா கட்டக்கூடியவர் யார்? வழக்கறிஞர், அலுவலர், நெல் விற்ற பணம் கையிலுள்ள மிராசுதார். தலையங்கம் எழுதியவர் ஐயர்; அதற்கு எல்லை வகுத்தவர் சந்தாதாரர்! 1898-இல் அவர் தாம் தொடங்கிய ஏட்டை விட்டே வெளியேறினார். 1905-இல் கும்பகோணத்தை அடுத்த இன்னம்பூர்க்காரரான கஸ்தூரிரங்க ஐயங்கார் அதை விலைக்கு வாங்கினார்.

“முதலில் அரசியல், சமூகம் பிறகு” என்பதே அந்நாளின் மந்திரம். 1895-இல் பூனாவில் காங்கிரசுப் பந்தலில் சமூகச் சீர்திருத்த மாநாடு கூடவே விடவில்லை திலகர் அணியினர். தில்லிக்கும் இலண்டனுக்கும் முற்போக்கு, தெருவுக்கும் வீட்டுக்கும் பழமை. இந்த இரட்டை வேடத்தை இன்றும் எத்தனை தலையங்கங்களில் காண்கிறோம்!

சுப்பிரமணிய ஐயர் 1916 ஏப்ரலில் மறைந்தார். அதே ஆண்டு திசம்பரில் சர் பிட்டி தியாகராயர் பார்ப்பனரல்லாதார் அறிக்கையை வெளியிட்டார். மாகாணத்தின் நாலு கோடியே பதினைந்து இலட்சம் மக்களில் நாலு கோடிப் பேர் பார்ப்பனரல்லாதார். 1913-இல் நிரந்தர மாவட்ட முன்சீப்புகள் 128 பேரில் 93 பேர் பார்ப்பனர். கணக்கு அவ்வளவே. ‘இந்து’ அதை மறைக்கவில்லை, அச்சிட்டது, ஒப்புக்கொள்வோம். ஆனால் அதன் கருத்து என்ன? அறிக்கையைக் கண்டு வேதனையும் வியப்பும் அடைந்ததாம்! உண்மை திரிக்கப்பட்டுள்ளதாம், சமூகத்தாரிடையே பகைமை வளருமாம்.

தோழர்களே, இந்தச் சொற்களை நிறுத்திப் படியுங்கள். 93 பேர் நாற்காலியில் அமர்ந்திருந்தது பகைமையன்று. அதை எண்ணிச் சொன்னது பகைமை! அமர்ந்திருப்பவன் பேச்சு நாட்டின் குரலாகிறது. நிற்பவன் பேச்சு ஒரு வகுப்பின் கூச்சலாகிறது. கருத்துப் பக்கத்தின் சூட்சுமம் இதில் அடங்கியிருக்கிறது. 1917 பிப்ரவரியில் ‘ஜஸ்டிஸ்’ பிறந்ததும், தமிழில் ‘திராவிடன்’ எழுந்ததும், 1925-இல் ஈரோட்டில் ‘குடி அரசு’ கிளம்பியதும் இதனாலேயே. வெள்ளையர் ஏட்டுக்கு எதிரே ஐயர் செய்ததைத்தான் நம்மவர் ஐயங்கார் ஏட்டுக்கு எதிரே செய்தனர்.

ஆயினும் இந்தப் போர்வை பூணூல் அணிந்தவருக்கு மட்டுமே பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது. ஏடு நடத்த நமக்கு வழி பிறந்த பிறகும் தஞ்சைப் பண்ணையாளுக்கு ஏடு ஏது? 1968 திசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் எரிந்து மாண்டனர். குழந்தைகள், பெண்கள், முதியோர். அன்று கோட்டையில் இருந்தது நம் ஆட்சி. வழக்கின் முதன்மையான நிலக்கிழாரும் பார்ப்பனர் அல்லர். கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட மக்களுக்கு எதிரே நின்ற நிலவுடைமையாளர் அமைப்பின் பெயர் ‘நெல் உற்பத்தியாளர் சங்கம்’. சேற்றில் இறங்கி நாற்று நட்டவர் எவரும் அதில் இல்லை. ஏடுகள் அந்தப் பெயரை அப்படியே அச்சிட்டன.