கடையரும் கடைத்தெருவும்

பூம்புகார் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், நம் தமிழ்ப் பேராசிரியர்களை நிறுத்த முடியாது. கப்பலில் இறங்கிய குதிரை, மூட்டை மூட்டையாக வந்த மிளகு, எங்கெங்கிருந்தோ வந்து குவிந்த பொன், முத்து, பவளம், சந்தனம் என்று பட்டினப்பாலையை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுவார்கள். அப்புறம் சிலப்பதிகாரம். மருவூர்ப்பாக்கத்தில் பட்டு, பொன், மணி என்று வீதி வீதியாக வியாபாரம். தானியம் குவிந்து கிடக்கும் கூலவீதி. பகலில் நாளங்காடி, இரவில் அல்லங்காடி. இன்றைக்குச் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற அங்காடிகளுக்கெல்லாம் அப்பன் எங்கள் புகார் என்று முடிப்பார்கள். எம்.ஏ. வகுப்பில் நானும் இதையெல்லாம் குறிப்பெடுத்தவன்தான். அங்கே யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. கூலவீதியில் கிடந்த நெல்லை விளைவித்தவர்கள் அந்த வீதியில் என்ன வாங்கினார்கள்?

இதே சிலப்பதிகாரத்தில் நாடுகாண் காதை இருக்கிறது. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் காவிரிக் கரையோடு மேற்கே நடக்கிறார்கள். வழியில் வயலில் கடைசியர். சேறு பட்ட உடம்பு, கள் மயக்கம், பாட்டு. வழிப்போக்கர் கண்ணுக்கு அழகான காட்சி. அங்காடியில் இவர்களைக் காணோம். அகப்பொருள் இலக்கணமும் மருதநிலத்து மக்களை அடுக்கும்போது உழவர், உழத்தியர் என்று சொல்லிவிட்டு அதற்குப் பிறகு கடையர், கடைசியர் என்று வைக்கிறது. கடை என்றால் கடைசி. பழந்தமிழில் கடை என்றால் வாசல். பொருள் விற்கிற இடமும் கடைதான். மூன்றுக்கும் என்ன உறவு என்பதைச் சொல்லாராய்ச்சிக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். தஞ்சை ஜில்லாவில் அந்த உறவு நடைமுறையிலேயே இருந்தது. கடையர் கடைக்கு வெளியே நின்றார்கள்.

கடைக்குப் போகக் காசு வேண்டும். பண்ணையாளுக்குக் காசு ஏது? கூலி நெல்லாகத்தான் அளக்கப்பட்டது. குறுணி, பதக்கு, கலம் என்கிற கணக்கிலேயே ஒரு மனுஷனுடைய ஆயுசு போயிற்று. நெல்கூலி என்றால் ஏதோ மண்வாசனை உள்ள நல்ல ஏற்பாடு என்று நினைக்கிற படிச்சவங்க இன்னைக்கும் உண்டு. பணம் வந்துதான் கிராமம் கெட்டுப்போச்சு என்பார்கள். காசு எந்த ஊரிலும் செல்லும். நெல்லைத் தலையில் தூக்கிக்கொண்டு கும்பகோணம் பெரிய கடைத்தெருவுக்கோ மன்னார்குடி பந்தலடிக்கோ போய் ஒரு சேலை எடுத்துவர முடியுமா? உள்ளூர்க் கடையில்தான் மாற்றியாக வேண்டும். அங்கே கடைக்காரன் வைத்ததுதான் படி, அவன் சொன்னதுதான் விலை. அறுவடைக் காலத்தில் நெல் விலை அடியில் கிடக்கும். ஆள் கையில் நெல் இருப்பது அப்போதுதான். விலை ஏறுகிற மாசத்தில் நெல் இருப்பது ஆண்டை வீட்டுக் குதிரில். துணி என்பது வாங்குகிற பொருளே அல்ல. பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஆண்டை கொடுப்பது. கொடுக்கிறவர் வைத்ததுதான் நீளம்.

எங்கள் பக்கத்துக் கிழவிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். "மடியில நெல்ல கட்டிக்கிட்டுப் போயி எட்டத்துல நிப்போம். சாமி, உப்பு வேணும், மொளகா வேணும்னு கூவணும். ஊர்க்காரவுக எல்லாம் வாங்கிட்டுப் போற வரைக்கும் நிக்கணும். நெல்ல கூடையில கொட்டச் சொல்லுவான். சாமானப் பொட்டலமாக் கட்டித் தூக்கிப் போடுவான். மண்ணுல விழுந்தாலும் பொறுக்கிக்க வேண்டியதுதான். அளவு கொறையுதேன்னு கேக்க வாயி ஏது?" ஒரு பொருளைக் கையில் எடுத்துப் பார்ப்பது, பிடிக்கவில்லை என்றால் வைத்துவிடுவது, பக்கத்துக் கடையில் விலை விசாரிப்பது, இதற்கெல்லாம்தான் உலகத்தில் கடைக்குப் போவது என்று பெயர். அந்த அர்த்தத்தில் எங்கள் பாட்டிகள் கடைக்குப் போனதே கிடையாது.

காசு கிடைத்தவனும் வாங்கக் கூடாது என்பது அடுத்த பூட்டு. தஞ்சைக்குத் தெற்கே ராமநாதபுரம் ஜில்லாவில் 1930 டிசம்பரில் ஆதிக்க சாதியார் எட்டுத் தடைகள் போட்டார்கள். ஹட்டன் தன்னுடைய சாதி பற்றிய நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. கிராப்பு கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. மெதுவாக இன்னொரு தரம் வாசித்துப் பாருங்கள். நகைக்கடை, ஜவுளிக்கடை, தையல்கடை, சலூன், பாத்திரக்கடை, பூக்கடை, செருப்புக்கடை என்று ஒரு கடைத்தெரு முழுக்க அதில் இருக்கிறது. மீறிய இடங்களில் குடிசைகளைக் கொளுத்தினார்கள், தானியத்தை அழித்தார்கள், ஆடு மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். மறு வருஷம் எட்டு பதினொன்றாயிற்று.

தஞ்சையில் இப்படி எழுதிப் போட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஊர்த் தெரு முனை வந்ததும் தோள் துண்டு இடுப்புக்கு இறங்கும், செருப்பு கைக்கு ஏறும். நாச்சியார்கோயில் குத்துவிளக்கைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். பித்தளைச் சொம்பு ஒன்று முதன்முதலாகச் சேரிக்குள் வந்த கதையை யாராவது எழுத வேண்டும்.

இந்தப் பூட்டுகளை உடைக்கிற வேலை சட்டசபையிலும் நடந்தது. 1924இல் சென்னை சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தால் பொதுத்தெரு, பொதுக்கிணறு, பொது இடங்கள் எல்லோருக்கும் உரியவை என்று அரசு அறிவித்தது. அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு, 2ஆம் உட்பிரிவை எடுத்துப் பாருங்கள். சாதியைச் சொல்லி யாரையும் தடுக்கக் கூடாத இடங்களை வரிசையாகச் சொல்கிறது. முதலில் வருகிற சொல் கடைகள். அதற்கப்புறம்தான் உணவு விடுதி, கிணறு, குளம், படித்துறை, சாலை எல்லாம். 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில் இதன் மேல் விவாதம் வந்தபோது, கடை என்றால் சலவைக்கடை, சவரக்கடையும் சேருமா என்று கேள்வி எழுந்தது. உள்ளே நுழைய விடுவது என்கிற குறுகிய அர்த்தத்தில் அந்தச் சொல்லை வைக்கவில்லை என்றார் அம்பேத்கர். விலைக்கும் நிபந்தனைக்கும் ஒப்புக்கொண்டு வருகிற யாருக்கும் அங்கே உள்ள சேவை கிடைத்தாக வேண்டும் என்று விளக்கினார். 1955ஆம் வருஷத்துத் தீண்டாமைக் குற்றச் சட்டம் இதைத்தான் பிடித்துக்கொண்டது. கடைக்குள் விடாதது மட்டுமல்ல, சாமானை விற்க மறுப்பதும் குற்றம்.

சரி, வாசல் திறந்தது. கையில்? 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது அதுவும் மரக்கால் கணக்கில்தான் கூலி பேசியது. முழுக்கக் காசைப் பார்க்க வேண்டும் என்றவர்கள் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார்கள். 1970களின் தொடக்கம் வரை ரஜூலா கப்பல் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஆட்களைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. தோட்டத்தில் பட்ட பாடு தனிக்கதை. ஆனால் திரும்பி வந்தவன் தகரப்பெட்டியோடும் சட்டையோடும் குடையோடும் வந்தான். ஆண்டைகளுக்கு எரிந்தது அந்தக் குடையைப் பார்த்துத்தான்.

ஊரிலேயே இருந்தவர்கள் அளவைக் கூட்டிக் கேட்டார்கள். வெண்மணியின் பின்னணியில் இருந்தது செங்கொடிச் சங்கமும் அரைப்படி நெல்லும். அரைப்படி நெல்லைக் கடைக்குக் கொண்டுபோனால் கொஞ்சம் உப்பு, கொஞ்சம் மிளகாய், மிஞ்சினால் புகையிலை. 1968 டிசம்பர் 25 இரவு 44 பேரை எரித்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. பெரும் நிலபுலன் உள்ளவர்கள், அதில் ஒருவர் சொந்தமாகக் காரே வைத்திருப்பவர், இப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்புவது கடினம் என்று தீர்ப்பு சொன்னது. காரும் காசு கொடுத்து வாங்குகிற சாமான்தானே. வாங்கினவனுக்கு அது நற்சான்றிதழாகவும் ஆயிற்று.

சென்னையில் வெள்ளைக்காரர்களுக்காக 1860களில் தொடங்கிய ஸ்பென்சர் 1983இல் எரிந்தது. ஏழைபாழைகள் பழைய புத்தகமும் பழைய சாமானும் தேடிப் போன மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தது. ஒன்று பல மாடி வணிக வளாகமாகத் திரும்பி வந்தது. மற்றது இருந்த இடத்தில் ரயில் நிலையக் கட்டடம் வந்தது. இன்றைக்கு தியாகராய நகரிலும், ஏன், தஞ்சாவூர் காந்திஜி ரோட்டிலும் குளிர்பதன ஜவுளிக்கடை வாசலில் யாரும் சாதி கேட்பதில்லை. கதவைத் திறந்துவிட்டு வணக்கம் போடுகிறார்கள். இதைச் சாதாரணமாக நினைக்கிற தோழர்கள் மேலே சொன்ன எட்டுத் தடைகளை நினைத்துக்கொள்ளட்டும். நம் பிள்ளை கண்ணாடி முன் நின்று நாலு சட்டை போட்டுப் பார்த்து நாலும் வேண்டாம் என்று சொல்வதை, நுகர்வு வெறி என்று ஒரே வார்த்தையில் திட்டுகிற முற்போக்காளர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதேசமயம், அந்தச் சட்டையை எடுத்துப் போடுகிற பெண் நாள் முழுக்க நின்றுகொண்டிருக்கிறாள். கடை ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வருவதற்கு 2021 ஆகிவிட்டது.

பெரிய ஊரின் பெரிய கடை விஷயம் இது. 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில் தின்பண்டம் வாங்க வந்த குழந்தைகளிடம், ஊர்க் கட்டுப்பாடு இருக்கிறது, இனிமேல் தர மாட்டோம், வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் திருப்பி அனுப்பியதை வீடியோவில் எல்லோரும் பார்த்தோம். தென்காசிப் பக்கம்தானே என்று இருந்தவர்களுக்கு அதே வருஷம் டிசம்பரில் பதில் வந்தது. நம் தஞ்சாவூர் மாவட்டத்தில், பாப்பாநாடு அருகே கிளாமங்கலத்தில், அதே கட்டுப்பாடு, அதே வீடியோ. காசை நீட்டியும் சாமான் கிடையாது. சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பைக் குற்றமாக்கி வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியது 2015இல். கிளாமங்கலத்தில் கைதானவர் கடைக்காரர். கடைக்காரர் தனியாக உட்கார்ந்து கட்டுப்பாடு போட முடியாது. கூடி உட்கார்ந்து முடிவெடுத்தவர்கள் யார் யார், வழக்கு அவர்களை எவ்வளவு தூரம் தொட்டது என்பதை ஒரத்தநாட்டுப் பக்கத்துத் தோழர்கள் விசாரித்து இந்தப் பக்கங்களுக்கு எழுத வேண்டும்.