கோனார்க்கில் ஒரு புத்தகமும் ஒரு கைடும்

நமது அங்கத்தினர்களில் பலர் இப்போது குடும்பத்தோடு வெளி மாநிலங்களில் உள்ள புராதனக் கோயில்களைப் பார்க்கப் போகிறார்கள். கிளம்புமுன் சிலர் என்னிடம் கேட்பது இதுதான்: "கைடு வைத்துக் கொள்ளலாமா, அல்லது நாமே சுற்றிப் பார்த்துவிடலாமா?" கைடு வேண்டாம், கட்டுக்கதைதான் சொல்லுவார்கள், ஒரு நல்ல புத்தகம் போதும் என்று நெடுங்காலம் சொல்லி வந்தேன். அந்த அபிப்பிராயத்தைக் கோனார்க்கில் மாற்றிக் கொள்ள நேர்ந்தது. அதைப் பகிர்ந்து கொள்ளவே இக்கட்டுரை.

முதலில் கோயிலைப் பற்றிச் சுருக்கமாக. ஒரிஸ்ஸாவில் பூரியிலிருந்து ஏறக்குறைய 35 கி.மீ. தூரத்தில், கடற்கரையை ஒட்டி இருக்கிறது கோனார்க் சூரியன் கோயில். கீழைக் கங்க வம்சத்து முதலாம் நரசிம்ம தேவன் 13-ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டியது. ஏழு குதிரைகள் இழுக்கும் 24 சக்கரங்கள் கொண்ட ரதமாக முழுக் கோயிலையும் அமைத்தார்கள். சக்கரம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10 அடி விட்டம். மூலஸ்தானத்தின் மேலிருந்த விமானம் இன்று இல்லை. 1837-ல் ஜேம்ஸ் ஃபெர்குஸன் பார்த்தபோது அதன் ஒரு பகுதி மட்டும் நின்று கொண்டிருந்தது. 1848-ல் அடித்த புயலில் அதுவும் விழுந்தது. எஞ்சி நிற்கும் முன்மண்டபமும் இடிந்துவிடக் கூடாதே என்று 1903-ல் அதன் உள்ளே மணலை நிரப்பி வாசல்களை அடைத்தார்கள். 1984-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

நான் முதன்முதலில் அங்கே போனது 1978-ல், புவனேஸ்வரத்தில் உத்தியோகமாக இருந்தபோது. தொல்பொருள் துறை வெளியிட்ட தேபலா மித்ரா அவர்களின் 'கோனாரக்' என்ற புத்தகத்தைக் கையில் எடுத்துக் கொண்டு தனியாகவே போனேன். தேபலா மித்ரா பிற்காலத்தில் அத்துறையின் முதல் பெண் டைரக்டர் ஜெனரலாக இருந்தவர். அவர் வர்ணித்திருந்த சிற்பங்களில் ஒன்றைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆவல். யாத்திரை கிளம்பும் ஒரு வயதான தாயார் வீட்டாரிடம் விடைபெறும் காட்சி அது. பகல் முழுவதும் தேடினேன். பீடத்தின் அடிவரிசையில் மட்டும் நூற்றுக்கணக்கில் யானைகள். அதற்கு மேல் வேட்டை, ஊர்வலம், சந்நியாசிகள், நாகினிகள் என்று ஆயிரக்கணக்கில் உருவங்கள். அந்தத் தாயார் மட்டும் அகப்படவில்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கைடு வைக்காமல் 'சுயமாக' பார்த்த பெருமையோடு திரும்பினேன்.

அடுத்த முறை போனது 2014 டிசம்பரில், ரிடையர் ஆகி நாலு வருஷம் கழித்து, என் சகதர்மிணியோடும் பத்து வயதுப் பேரனோடும். பேரனுக்காக ஒரு கைடு வைத்துக் கொண்டோம். நடுத்தர வயது, கழுத்தில் அடையாள அட்டை, நல்ல ஹிந்தி. ஆரம்பமே காந்தக் கதை. கோபுர உச்சியில் பிரம்மாண்டமான காந்தக்கல் இருந்ததாம். கடலில் போகும் கப்பல்களின் திசைகாட்டி அதனால் கெட்டுப் போனதாம். ஆகவே போர்த்துகீசியர் அதைக் கழற்றிக் கொண்டு போக, கோயில் சரிந்ததாம்.

பிஎஸ்.ஸி.யில் பௌதிகம் படித்தவன் சும்மா இருப்பேனா? காந்தத்திலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் அதன் புலம் எட்டில் ஒரு பங்காகக் குறையும். எத்தனை டன் காந்தக்கல்லானாலும் சில கிலோமீட்டர் தள்ளிப் போகும் கப்பலின் முள்ளை அசைக்காது என்று விளக்கினேன். இங்கே இருப்பது காந்தம் அல்ல, கற்களைத் தாங்க வைத்த இரும்பு உத்தரங்கள். சில 35 அடி நீளம் கூட உண்டு. அந்தக் காலத்தில் சிறு சிறு துண்டுகளைக் காய்ச்சி அடித்து ஒட்டிச் செய்தவை. காந்தத்தைவிட அதுதான் ஆச்சரியம் என்றேன். கைடு தலையாட்டினார்.

பிறகு தெற்குப் பக்கத்துச் சக்கரத்தின் அச்சில் விரலை வைத்து, நிழலைப் பார்த்து, "இப்போது மணி இரண்டே முக்கால்" என்றார். என் வாட்சிலும் அதேதான். பேரன் கை தட்டினான். சுற்றி நின்ற வேறு யாத்ரீகர்களும் தட்டினார்கள்.

நான் விடவில்லை. அவர் கணக்குப்படி அகலமான ஆரங்கள் எட்டு, ஒன்றுக்கொன்று மூன்று மணி. நடுவே மெல்லிய ஆரங்கள், ஒன்றரை மணி. நிழலோ மூன்று மணி ஆரத்தைத் தாண்டிக் கிடந்தது. அதன்படி மணி மூன்றரைக்கு மேல் ஆக வேண்டும். அவர் சொன்னது நிழலைப் பார்த்து அல்ல, தம் கைக்கடிகாரத்தைப் பார்த்து என்று எல்லோர் எதிரிலும் சொல்லிவிட்டேன். காரணமும் சொன்னேன். சூரிய கடிகாரத்தின் முள் துருவத்தை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். இந்த அச்சு படுக்கையாகத் தெற்கே நீட்டிக் கொண்டிருக்கிறது. மார்ச், செப்டம்பர் மாதங்களில் பகலும் இரவும் சமமாக இருக்கும் நாட்களில் சூரிய நேரத்துக்கு ஏழு நிமிஷத்துக்குள் சரியாக இருக்கும். டிசம்பர் பிற்பகலில் அரை மணிக்கு மேல் பிசகும். கோனார்க்கின் அட்சரேகை ஏறக்குறைய 20 டிகிரி. ஆகவே மே கடைசி வாரத்திலிருந்து ஜூலை மூன்றாம் வாரம் வரை சூரியன் நாள் முழுவதும் வடக்கேதான் இருக்கும். தெற்குச் சக்கரங்களின் மேல் வெயிலே படாது!

கூட்டம் கலைந்துவிட்டது. கைடின் முகம் சுண்டிப் போயிற்று. "ஏன்னா, எல்லார் எதிர்லயும் அவரை இப்படிப் படுத்தணுமா?" என்றாள் என் மனைவி மெதுவாக.

சற்று நேரம் பேசாமல் நடந்த கைடு, மரியாதையாகவே கேட்டார்: "சார் மதராஸ் பக்கமா? தஞ்சாவூர் பெரிய கோயில் நிழல் தரையில் விழாதாமே, அது உண்மையா? உங்கள் ஊர் யாத்ரீகர்கள் வரும்போதெல்லாம் எனக்குச் சொல்கிறார்கள்."

என் மனைவி சிரித்துவிட்டாள். காரணம் அவளுக்குத் தெரியும். அந்தக் கதையை முப்பது வருஷம் ஆபீஸில் வங்காளி, பஞ்சாபி சகாக்களிடம் பெருமையாகச் சொன்னவன் நான்தான். வெயில் அடித்தால் அந்த விமானத்தின் நிழலும் தரையில் விழத்தான் செய்கிறது. நின்று பார்த்தால் யாருக்கும் தெரியும். படித்த பௌதிகத்தை அங்கே நான் உபயோகிக்கவில்லை. "விழும்" என்று ஒப்புக் கொண்டேன். "நானும் விழாது என்று சொல்லிக் கொண்டிருந்தவன்தான்" என்றும் சொன்னேன். அவர் முகம் தெளிந்தது.

அப்புறம்தான் யோசித்து, அந்தத் தாயார் சிற்பத்தைப் பற்றி அவரிடம் கேட்டேன். கேள்வி முடியுமுன் நடக்க ஆரம்பித்தார். இரண்டே நிமிஷத்தில் அதன் எதிரே நிறுத்திவிட்டார். கிழவி ஆசீர்வதிக்கிறாள், மருமகள் காலில் விழுகிறாள், பேரக் குழந்தை பாட்டியைப் பிடித்துக் கொண்டிருக்கிறது. காசிக்குப் போனவர்கள் திரும்புவது நிச்சயமில்லாத நாட்களில் எங்கள் வீட்டிலேயே இதைப் பார்த்தது போல் இருந்தது. 36 வருஷம் முன்பு அந்த இடத்தைத் தாண்டித்தான் போயிருக்கிறேன். பிறகு ராஜாவுக்கு ஒட்டகச்சிவிங்கியைக் காணிக்கை கொண்டுவரும் சிற்பத்தையும் காட்டினார். ஆப்பிரிக்க மிருகம் கலிங்கத்துச் சிற்பிக்குத் தெரிந்திருக்கிறது என்றால் கடல் வாணிபம் எவ்வளவு தூரம் நடந்திருக்க வேண்டும்!

பதிலுக்கு நானும் அவருக்கு ஒன்று சொன்னேன். நரசிம்ம தேவனின் முன்னோர், பூரி ஜகந்நாதர் கோயிலைக் கட்டத் தொடங்கிய அனந்தவர்ம சோடகங்கன். அவன் தாய் ராஜசுந்தரி சோழ இளவரசி. பெயரில் உள்ள 'சோட' நம் சோழர்தான். பாட்டுடைத் தலைவனான குலோத்துங்கனின் படை கலிங்கத்தை வென்றதைப் பாடும் 'கலிங்கத்துப்பரணி' இந்த அனந்தவர்மன் காலத்துச் சண்டையைப் பற்றியது. கைடு ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பெயர்களைக் குறித்துக் கொண்டார். "இனி தமிழ் யாத்ரீகர்களுக்கு இதைச் சொல்வேன்" என்றார்.

விடைபெறுமுன் தர்மபதன் கதையையும் சொன்னார். 1200 சிற்பிகள் பன்னிரண்டு வருஷம் உழைத்தும் உச்சிக் கலசத்தை வைக்க முடியவில்லை. தலைமைச் சிற்பியின் பன்னிரண்டு வயது மகன் அதை வைத்துவிட்டு, மற்றவர்களின் மானத்தைக் காக்கக் கடலில் குதித்தான் என்பது கதை. இந்தத் தடவை நான் குறுக்கிடவில்லை. சாசன ஆதாரம் கேட்கும் விஷயம் அல்ல இது. ஒரிய மக்கள் ராஜாவை விட்டுவிட்டுச் சிற்பியின் பிள்ளையை நினைவில் வைத்திருக்கிறார்கள். உத்கலமணி கோபபந்து தாஸ் இதையே காவியமாகப் பாடினார். பேரன் இன்றும் மறக்காதது அந்தக் கதையைத்தான்.

ஆகவே இப்போது கேட்பவர்களுக்கு நான் சொல்வது: போகுமுன் ஒரு நல்ல புத்தகத்தைப் படித்துவிடுங்கள். காலம், வம்சம், கட்டிய முறை எல்லாம் அதில் தெரியும். அங்கே போனதும் அடையாள அட்டை உள்ள உள்ளூர் கைடை வைத்து, கூலியை முன்னதாகப் பேசிக் கொள்ளுங்கள். பார்க்க விரும்புவதைத் தாளில் எழுதி அவரிடம் காட்டுங்கள். எது எங்கே இருக்கிறது, எந்த வெயிலில் எது தெரியும் என்பது அவருக்குத்தான் அத்துபடி. அவர் போன பிறகு ஒரு மணி நேரமாவது நீங்கள் மட்டும் சுற்றுங்கள். சந்தேகம் இருந்தால் தனியாக, நயமாகக் கேளுங்கள். நாலு பேர் எதிரில் திருத்த வேண்டாம். அதை நான் செய்தேன். பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த முகம் எனக்கு மறக்கவில்லை.